ஏழு நாள் மௌனம்: அந்த நேரத்தைத் தருவது யார்?

திருச்சுழியில் திருமேனிநாதர் கோயிலுக்குப் பக்கத்தில் 'சுந்தர மந்திரம்' என்று ஒரு வீடு இருக்கிறது. 1879 டிசம்பர் 30 அன்று, ஊர் வக்கீல் சுந்தரமய்யருக்கும் அழகம்மாளுக்கும் வேங்கடராமன் அந்த வீட்டில்தான் பிறந்தான். பின்னாளில் உலகம் அவனை ரமண மகரிஷி என்று அறிந்தது. இன்றும் கடல் கடந்து வருகிறவர்கள் திருவண்ணாமலையில் சில நாள், மதுரையில் ஒரு நாள் தங்கிவிட்டு, அருப்புக்கோட்டை வழியாக இந்தக் கரிசல் ஊருக்கு வந்து, அந்த வீட்டில் சத்தமில்லாமல் உட்கார்ந்துவிட்டுப் போகிறார்கள். அவர்களுக்கு நேரம் இருக்கிறது.

இதே அருப்புக்கோட்டையில் மில்லுக்கு ஷிப்டு போகிறவர், தறி ஓட்டுகிறவர், பள்ளிக்கூட ஆசிரியை என்று யாராவது ஒருவர் வீட்டில் பேச்சை எடுத்துப் பார்க்கட்டும். "ஒரு ஏழு நாள் எங்கேயாவது போய் வாய் பேசாமல் உட்கார்ந்து தியானம் பண்ணணும்போல இருக்கு" என்று சொன்னால் வருகிற முதல் பதில், "அதுவரைக்கும் இங்க யாரு பாக்குறது?" என்பதுதான். மாட்டை யார் பார்ப்பது, பிள்ளையைப் பள்ளிக்கு யார் அனுப்புவது, மாமியாருக்கு மாத்திரை யார் எடுத்துக் கொடுப்பது, வாரக் குழுக்கடனை யார் கட்டுவது?

தியானத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தக் கேள்வியை ஒரு தடங்கலாகவே பார்க்கிறார்கள். மனம் இருந்தால் நேரம் கிடைக்கும் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. "யாரு பாக்குறது?" நியாயமான கேள்வி. ஒருவர் ஏழு நாள் கண்மூடி உட்கார்ந்தால், அந்த ஏழு நாளும் அவருடைய வேலையை வேறு யாரோ செய்கிறார். அந்த இன்னொருவரைக் கணக்கில் சேர்க்காமல் தியான முகாமுக்கு நேரம் ஒதுக்குவது பற்றிப் பேச முடியாது.

பெருமாள்மலையில் ஒரு ஜென் கூடம்

ஜென் என்றதும் நமக்கு ஜப்பான் நினைவு வருகிறது, அல்லது '7ஆம் அறிவு' படமும் போதிதர்மரும். போதிதர்மர் தென்னிந்திய அரசகுமாரர் என்று சீன மரபு சொல்கிறது. காஞ்சிபுரத்தவர் என்பது நம்மூர் நம்பிக்கை. ஆனால் அருப்புக்கோட்டையிலிருந்து பஸ் ஏறிப் போய்ச் சேரும் தூரத்திலேயே ஜென் தியானக் கூடம் ஒன்று ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக நடந்துவருகிறது. மதுரையில் பஸ் மாறி, வத்தலக்குண்டு தாண்டி மலையேறினால், கொடைக்கானலுக்குக் கொஞ்சம் முன்னால் பெருமாள்மலை. அங்கே இருக்கிறது 'போதி ஜெண்டோ'. 1996-இல் இதை அமைத்தவர் அருள் மரிய ஆரோக்கியசாமி. 'அமா சாமி' என்றால் உலகின் ஜென் வட்டாரங்களில் தெரியும்.

1936-இல் பர்மாவில் பிறந்த தமிழர் அவர். இயேசு சபைத் துறவி. குருப்பட்டம் பெற்ற பிறகும் தேட்டம் அடங்காமல் இந்து ஆசிரமங்களுக்கும் பௌத்தத் தியான நிலையங்களுக்கும் போனவர். ரமணரின் வழி அவரை மிகவும் ஈர்த்தது. பிறகு ஜப்பானின் காமகுராவில் யமதா கோஉன் என்ற ஜென் ஆசானிடம் பயின்று, 1982-இல் கற்பிக்கும் அனுமதி பெற்றார். 2002-இல் தனக்கென்று 'போதி சங்கம்' என்ற தனி மரபைத் தொடங்கினார். கிறிஸ்தவத் துறவி ஒருவர், ரமணரால் ஈர்க்கப்பட்டு, ஜப்பானில் பௌத்தப் பயிற்சி பெற்று, பழனி மலைத்தொடரில் தியானம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். அதற்காக அவர் யாரையும் மதம் மாறச் சொன்னதில்லை. தமிழ்நாட்டில் இப்படி ஒன்று நடந்திருப்பது பலருக்குத் தெரியாமலே இருக்கிறது என்பதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு.

ஜென் மரபில் தொடர்ச்சியாகப் பல நாள் உட்காரும் முகாமுக்கு 'செஷின்' என்று பெயர். பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு நாள். விடியுமுன் மணி அடிக்கும். சுவரைப் பார்த்தோ தரையைப் பார்த்தோ, முதுகு நிமிர்த்தி, கண்ணை முழுக்க மூடாமல் உட்கார வேண்டும். ஒரு அமர்வு ஏறத்தாழ 25 நிமிடம். பிறகு சில நிமிடம் மெதுநடை. மறுபடி உட்காருவது. இரவு வரை இதுவே. பேச்சு கிடையாது, போன் கிடையாது, புத்தகம் கிடையாது. நாளில் ஒரு வேளை உடலுழைப்பு உண்டு. கூட்டுவது, பாத்திரம் கழுவுவது, தோட்ட வேலை. ஆசானைத் தனியே சந்தித்துச் சில நிமிடம் பேசலாம். புதிதாக வருகிறவருக்கு மூச்சை ஒன்றிலிருந்து பத்துவரை எண்ணச் சொல்வார்கள்.

கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. இரண்டாம் நாள் முழங்கால் வலிக்கும். மூன்றாம் நாள் மனம் அடிக்கிற கூத்து தாங்காது. பத்து வருடத்துக்கு முன்னால் ஒருவர் சொன்ன சுடுசொல், கட்டாத வட்டி, பேசாமல் விட்ட அண்ணன் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். ஒரு நாள், இரண்டு நாள் முகாமில் மனம் இந்த இடத்துக்கு வந்து சேர்வதற்குள் மூட்டை கட்ட வேண்டியதாகிவிடுகிறது. தொடர்ச்சியான நாட்கள் வேண்டும் என்று சொல்வதற்குக் காரணம் இதுதான். வீட்டில் தினமும் கால் மணி நேரம் உட்காருவது நல்லது, அவசியமும்கூட. ஆனால் அதை ஏழு நாள் முகாமுக்கு ஈடாகச் சொல்ல முடியாது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். மனநலச் சிகிச்சையில் இருப்பவர்கள், அண்மையில் பெரிய இழப்பைச் சந்தித்தவர்கள், டாக்டரிடம் கேட்காமல் இப்படி ஒரு முகாமுக்குப் போகக் கூடாது. மாத்திரையைத் தாமாக நிறுத்திவிட்டுப் போவது மிக ஆபத்து. நீண்ட மௌனம் சிலரை நிலைகுலையச் செய்திருக்கிறது. நல்ல நிலையங்கள் இதை முன்கூட்டியே விசாரிக்கும்.

ரயிலில் போய்வந்த ஆசான்

அமா சாமியின் ஆசான் யமதா கோஉன் மொட்டையடித்த துறவி அல்லர். குடும்பஸ்தர். தோக்கியோவில் ஒரு மருத்துவ நிறுவனத்தின் நிர்வாகப் பொறுப்பில் இருந்தவர். காமகுராவிலிருந்து ரயிலில் வேலைக்குப் போய், ரயிலில் திரும்பியவர். 1953-இல் அப்படி வீடு திரும்பும் ரயிலில்தான் அவருடைய பெரும் விழிப்புக்கு வித்தான கணம் நேர்ந்தது என்பது ஜென் உலகில் பலரும் அறிந்த செய்தி. வீட்டை ஒட்டி ஒரு சிறு தியானக் கூடம் கட்டி, வேலை முடிந்த மாலைகளிலும் விடுமுறை நாட்களிலும் கற்பித்தார். அணுகுண்டு விழுந்தபோது ஹிரோஷிமாவில் இருந்து உயிர்தப்பிய ஜெர்மானியப் பாதிரியார் எனோமியா லசால்கூட அவரிடம் மாணவராக உட்கார்ந்தார்.

யமதாவுக்கு ஆசானான யசுதானி ஹகுஉனும் அப்படித்தான். மணமானவர், ஐந்து பிள்ளைகளுக்குத் தகப்பன், பல ஆண்டுகள் பள்ளி ஆசிரியர். யசுதானி 1954-இல் தொடங்கிய மரபு, மடத்தில் ஆயுள் முழுக்க இருக்க முடியாத சம்சாரிகளை மனத்தில் வைத்தே அமைந்தது. மடத்துத் துறவி மாதக்கணக்கில் செய்வதை, வேலைக்குப் போகிறவர் விடுப்பு எடுத்து ஒரு வாரத்தில் செறிவாகச் செய்யட்டும் என்பது ஏற்பாடு.

இதில் நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்ப்பது யமதாவின் மனைவி கசுஎவை. அவர் மருத்துவர். கணவரைத் தேடி உலகெங்குமிருந்து வந்த மாணவர்களைத் தாயைப்போல் பார்த்துக்கொண்டவர் என்று அவர்கள் நன்றியோடு குறிப்பிடுகிறார்கள். ஆசானின் பெயர் பரம்பரைப் பட்டியலில் நிற்கிறது. அந்த அம்மையார் கொடுத்த நேரத்துக்கு எந்தப் பட்டியலிலும் இடம் இல்லை.

அண்ணாமலையில் சோறு போட்டவர்கள்

திருச்சுழிக்குத் திரும்புவோம். 1892-இல் தந்தை இறந்தபின் வேங்கடராமன் மதுரையில் சித்தப்பா வீட்டில் வளர்ந்தான். 1896 ஜூலையில், பதினாறு வயதில், அந்த வீட்டு மாடியில் மரணத்தை நேருக்கு நேர் எதிர்கொண்ட அனுபவம். அடுத்த சில வாரங்களில், ஆகஸ்ட் 29 அன்று, அண்ணனின் கல்லூரிச் சம்பளத்துக்கென்று கொடுத்த ஐந்து ரூபாயில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒரு கடிதம் எழுதிவைத்துவிட்டுக் கிளம்பினான். செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை.

இதை விடுதலையின் கதையாக மட்டும் சொல்லிப் பழகிவிட்டோம். தாயின் பக்கமிருந்து பார்த்தால் வேறு கதை. கணவனை இழந்த அழகம்மாள், மகன் எங்கே போனான் என்று தெரியாமல் நாட்களைக் கடத்தினார். 1898 இறுதியில் மூத்த மகனோடு வந்து, பவழக்குன்றில் சடைபிடித்த தலையோடு உட்கார்ந்திருந்தவனைப் பார்த்து அழுது மன்றாடினார். மகன் பேசவில்லை. காகிதத்தில் எழுதிக் கொடுத்ததோடு சரி. தாய் திரும்பிப் போனார். 1916-இல் நிரந்தரமாக மகனிடமே வந்து சேர்ந்தார். மலைமேல் ஸ்கந்தாசிரமத்தில் அடுப்பு மூட்டிச் சமையல் தொடங்கியது அவர் வந்தபிறகுதான். 1922 மே 19 அன்று மகனின் கை தன் மேல் இருக்க உயிர்நீத்தார்.

அதற்கு முன்பும் அந்த மௌனத்துக்குச் சோறு போட்டவர்கள் உண்டு. பாதாள லிங்கக் குகையில் பூச்சி அரித்த உடம்போடு கிடந்த பையனை வெளியே தூக்கிவந்தவர்கள், நிழல்போல் கூடவே இருந்து பணிவிடை செய்த பழனிசாமி, காட்டில் கீரை பறித்து ஆக்கிக்கொண்டு வந்த கீரைப்பாட்டி, கணவனையும் பிள்ளைகளையும் பறிகொடுத்துவிட்டு வந்து பல்லாண்டு காலம் நாள்தவறாமல் மலையேறிச் சோறு கொண்டுவந்த எச்சம்மாள். உலகம் போற்றுகிற அந்த மோனத்தின் ஒவ்வொரு வருடத்துக்கும் யாரோ ஒருவர் உழைத்திருக்கிறார். ரமணர் இதை அறியாதவர் அல்லர். ஆசிரமம் உருவானபின் விடியுமுன்பே சமையற்கட்டில் காய் நறுக்க உட்கார்ந்து, பல ஆண்டுகள் தானே சமையலில் பாடுபட்டார். வீட்டை விட்டு வரட்டுமா என்று கேட்டவர்களில் பெரும்பாலோரை, இருக்கிற இடத்திலேயே 'நான் யார்?' என்ற விசாரத்தைச் செய்யச் சொல்லித் திருப்பி அனுப்பினார்.

'நான் யார்?' என்ற சிறுநூல் பிறந்த விதமும் நம் விஷயத்துக்கு நெருக்கமானது. சிவப்பிரகாசம் பிள்ளை வருவாய்த் துறையில் வேலை பார்த்தவர். 1902 வாக்கில் அலுவல் காரணமாகத் திருவண்ணாமலை வந்தார். வந்த இடத்தில் விருபாக்ஷிக் குகைக்கு ஏறிப்போய்க் கேள்விகளைக் கேட்டார். பேசாதிருந்த ரமணர் மணலிலும் சிலேட்டிலும் எழுதிக் காட்டினார். வேலை நிமித்தமாக வந்த ஓர் அரசு ஊழியர் இடையில் ஒதுக்கிக்கொண்ட நேரம் இன்று உலக மொழிகள் பலவற்றில் நூலாக நிற்கிறது. ஜென் ஆசான்கள் தரும் 'இதைக் கேட்பது யார்?' என்ற புதிரை வைத்துக்கொண்டு உட்காருகிற ஜப்பானியரும், ரமணரின் கேள்வியோடு உட்காருகிற நம்மூர்க்காரரும் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

மழையும் வெயிலும் வகுத்த நாள்காட்டி

புத்தர் காலத்துப் பிக்குகள் மழைக்காலம் மூன்று மாதமும் ஓரிடத்தில் தங்கினார்கள். ஆடிப் பௌர்ணமியை ஒட்டித் தொடங்கும் அந்த வழக்கமே ஜப்பானிய ஜென் மடங்களில் 90 நாள் தங்கலாக இன்றும் தொடர்கிறது. சமணர்களுக்கும் இது உண்டு. அருப்புக்கோட்டைக்கு அருகே கோவிலாங்குளத்தில் இன்றும் தீர்த்தங்கரர் சிலைகள் இருக்கின்றன. இந்தப் பொட்டல் வெளியும் ஒரு காலத்தில் சமணத்தின் நிலமாக இருந்தது. மழையில் நடந்தால் பயிரும் புழுபூச்சியும் மிதிபடும், பாதையும் கெடும் என்பதால் அந்த மழைக்காலத் தங்கல்.

கரிசலில் கதை தலைகீழ். இங்கே மழை வந்தால்தான் வேலையே. புரட்டாசி, ஐப்பசியில் ஒரு உழவு மழை கிடைத்துவிட்டால் பருத்தியும் உளுந்தும் மல்லியும் மக்காச்சோளமும் விதைக்க ஆள் ஓட வேண்டும். கார்த்திகை, மார்கழியில் களை. தையிலிருந்து அறுப்பு. பங்குனி பிறந்துவிட்டால் கண்மாய் வற்றி, மானாவாரி நிலம் வெடித்துக் கிடக்கும். அந்த நான்கு மாதமும் சம்சாரிக்கு ஓய்வு என்று வெளியூர்க்காரர் நினைக்கலாம். அப்போதுதான் சீமைக்கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுக்கிறார்கள், கட்டட வேலைக்கு வெளியூர் போகிறார்கள், நூறு நாள் வேலைக்கு அட்டையைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். ஆனாலும் நிலம் கட்டிப்போடாத காலம் அது ஒன்றுதான். விவசாயக் குடும்பம் ஒன்று ஏழு நாளைப் பிரித்து எடுக்க முடியுமென்றால் பங்குனிக்கும் ஆனிக்கும் நடுவில்தான் முடியும்.

நெசவாளிக்கு நேர்மாறு. ஐப்பசி அடைமழையில் தெருவில் பாவு நீட்ட முடியாது, கஞ்சி காயாது, குழித்தறியில் ஈரம் ஏறும். கைத்தறிக் குடும்பங்கள் அந்த நாட்களில் சும்மா இருந்தே ஆக வேண்டும். புத்தர் காலத்து மழைக்காலத் தங்கல் இன்று யாருக்கேனும் பொருந்துமானால் அருப்புக்கோட்டையின் தறிக்காரர்களுக்கே பொருந்தும். வருமானம் நின்ற நாட்களின் கவலையோடு உட்காருவது எளிதல்ல என்பதையும் மறுக்க மாட்டேன்.

மில் தொழிலாளிக்குச் சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டப்படி, ஒரு வருடத்தில் 240 நாள் வேலை பார்த்தவருக்கு அடுத்த வருடம் 20 நாளுக்கு ஒரு நாள் சம்பளத்தோடு விடுப்பு உண்டு என்றிருந்தது. குறைந்தது 12 நாள் என்று கணக்கு. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அந்த 240 நாளை 180 ஆக்கியிருக்கிறது. காண்ட்ராக்ட் ஆட்களுக்கும் பீஸ் ரேட்டுக்கு உழைப்பவர்களுக்கும் இது கையில் கிடைப்பது அரிது. அரசு ஊழியர்களோ ஈட்டிய விடுப்பைப் பணமாக்கவே சேர்த்துவைக்கிறார்கள். மகாராஷ்டிர அரசு தன் ஊழியர்கள் விபாசனா என்ற பௌத்தத் தியான முகாமுக்குப் போக விடுப்பு அளித்திருக்கிறது. தமிழக அரசும் அப்படிச் செய்யலாம்.

பணம் பெரிய தடை ஆகாது. கோயங்கா என்ற ஆசிரியரின் வழியில் நடக்கும் விபாசனா முகாம்கள் பத்து நாள், தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் கட்டணம் கிடையாது. பழைய மாணவர்களின் நன்கொடையில் நடப்பவை. திண்டுக்கல் பக்கத்திலும் சென்னை அருகேயும் அவர்களுக்கு நிலையங்கள் உண்டு. காலை 4 மணிக்கு எழுந்து இரவு 9 வரை, நாளுக்குப் பத்து மணி நேரம்போல உட்கார வேண்டும். ஜென் முகாமும் அதுவும் முறையில் வேறானவை. வீட்டைவிட்டு நேரம் எடுத்துக்கொள்ள வேண்டியிருப்பது இரண்டுக்கும் பொது.

மாலை போட்டால் மட்டும் எப்படி?

நமக்கு நேரமே இல்லை என்று சொல்வதை நான் முழுதாக ஏற்க முடியாததற்கு ஒரு காரணம் இருக்கிறது. கார்த்திகை பிறந்தால் இந்த ஊர்களில் எத்தனை பேர் ஐயப்பனுக்கு மாலை போடுகிறார்கள்! ஒரு மண்டலம் விரதம், வெறும் தரையில் படுக்கை, பிறகு சில நாள் பயணம். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறார்கள். ஆடி வெள்ளிக்கு இருக்கன்குடி. விருதுநகர்ப் பங்குனிப் பொங்கலுக்கு அக்கினிச்சட்டி. மாலை போட்டவரிடம் முதலாளி முகம் சுளிப்பதில்லை. கடன்காரர்கூடக் குரலைத் தாழ்த்துகிறார். ஊர் அவருக்கு நேரம் கொடுக்கிறது, ஏனென்றால் அது எதற்கு என்று ஊருக்குத் தெரியும். தியானத்துக்குப் போகிறவர் ஊருக்குப் புரிகிற மாதிரி இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த மண்டலம் முழுக்க விடிகாலை எழுந்து வீடு மெழுகி, தனிப் பாத்திரத்தில் சமைத்து, சாமிக்கு முன்னால் குளித்துத் தயாராக நிற்பது வீட்டுப் பெண்கள். விரதம் ஒருவருக்கு, உழைப்பு இருவருக்கு. பெண்களுக்கென்று அப்படி நேரம் கிடைத்தது மேல்மருவத்தூருக்குச் செவ்வாடை உடுத்திப் போகத் தொடங்கியபோது. பஸ் நிறையப் பெண்கள் வீட்டைவிட்டு இரண்டு மூன்று நாள் போய்வந்தார்கள், வீடுகள் இடிந்துவிடவில்லை. அந்த இயக்கத்தின் சமயக் கருத்துகளைப் பற்றி யார் என்ன சொன்னாலும், கிராமத்துப் பெண்ணுக்கு வீட்டைவிட்டு வெளியே வர ஒரு நியாயம் வாங்கித் தந்தது அது.

ஆகவே ஏழு நாள் மௌனத்துக்குப் போக நினைக்கிற ஆண்களிடம் நான் கேட்பது ஒன்று. முன்பதிவு செய்யுமுன் வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். நீங்கள் இல்லாத நாட்களில் எந்த வேலை யார் தலையில் விழும் என்று தாளில் எழுதுங்கள். கூலிக்கு ஆள் வைக்கவேண்டிய வேலைக்குப் பணத்தை ஒதுக்குங்கள். போய் வந்தபின் அதே ஏழு நாளை அவருக்குத் திருப்பிக் கொடுங்கள். அவர் தியானத்துக்குப் போகலாம், தாய்வீட்டுக்குப் போகலாம், ஒன்றும் செய்யாமல் படுத்தும் கிடக்கலாம். அது அவர் விருப்பம்.

இன்னும் சிறப்பு, வரிசையை மாற்றுவது. இந்தப் பங்குனியில் அறுப்புக் கணக்கெல்லாம் தீர்ந்ததும், பள்ளித் தேர்வு முடிந்ததும், முதலில் வீட்டுப் பெண்ணை அனுப்புங்கள். பெருமாள்மலைக்கோ திண்டுக்கல்லுக்கோ உடனே அனுப்ப முடியாவிட்டால், திருச்சுழி பக்கத்தில்தான் இருக்கிறது. காலையில் பஸ் ஏற்றிவிட்டு, மாலை வரை போன் செய்யாமல் இருங்கள். அடுப்பையும் பிள்ளையையும் அன்று நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.